தமிழ்நாட்டில் தொழிற்பயிற்சியின் வரலாறு

கைத்திறனும் கருவி அறிவும் தேவைப்படும் வேலை ஒன்றை முறையாகக் கற்றுத் தேர்வதே தொழிற்பயிற்சி. ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர், மோட்டார் மெக்கானிக் எனப் பேச்சு வழக்கில் அறியப்படுவோர் இவ்வகைத் தொழிலாளர்கள். அரசு ஆவணங்களில் இவர்களுள் சிலருக்குப் பொருத்துநர், கடைசலர், பற்றவைப்பவர், கம்மியர் என்ற பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுள் கம்மியர் என்பது கைவினைஞரைக் குறிக்கப் பழந்தமிழ் இலக்கியத்திலேயே ஆளப்பட்ட சொல்.

ஒருவர் எந்தத் தொழிலைச் செய்வார் என்பதை அவர் பிறந்த குடும்பமே நெடுங்காலம் முடிவு செய்தது. பட்டறையில் பிறந்தவருக்கே உளியும் சுத்தியலும் கிடைத்தன. தொழிற்கூடங்கள், ரயில் பணிமனைகள், ஐ.டி.ஐ. என்று வழங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆகியவற்றின் வழியே அந்த நிலை படிப்படியாக மாறியது. விண்ணப்பித்து, இடம் பெற்று, விரும்பிய தொழிலைக் கற்கும் உரிமை தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குள் உருவான ஒன்று. பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்கல்வியைத் தேர்ந்தெடுக்கலாமா என்று இன்று ஒரு மாணவர் யோசிப்பது இந்த வரலாற்றின் தொடர்ச்சியே.

குலமும் பட்டறையும்

தமிழகத்தின் மரபான கைவினைஞர்களில் கம்மாளர் முதன்மையானவர்கள். தச்சர், கொல்லர், கன்னார், கல்தச்சர், பொற்கொல்லர் என்ற ஐந்து பிரிவினரும் இப்பெயருக்குள் அடங்குவர். கோயில், தேர், ஏர், நகை, பாத்திரம் ஆகிய அனைத்தும் இவர்களது கைகளில் உருவாயின. மகன் தந்தையிடமும், மருமகன் மாமனிடமும் தொழில் கற்றனர். பாடநூல் இல்லை. துருத்தி ஊதுவது, கரி அள்ளுவது, கருவி எடுத்துக் கொடுப்பது என்று சிறுவயதில் தொடங்கிய வேலை, பல ஆண்டுகளுக்குப் பின்னரே உளியைக் கையில் எடுப்பதில் வந்து முடியும். அளவுகளும் கலவைகளும் வாய்மொழியாகவே கைமாறின. சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு முறையில் செப்புத்திருமேனி செய்யும் குடும்பங்கள் இம்முறையை இன்றும் பேணுகின்றன.

இம்முறையால் நுட்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டன. ஆனால் அந்தக் குடும்பத்தில் பிறக்காத ஒருவர் அவற்றைக் கற்க வழியில்லை. பிறந்தவர் வேறு தொழிலுக்குச் செல்வதும் எளிதாக இல்லை. திறமைக்கு ஏற்ற மதிப்பும் எப்போதும் கிடைத்துவிடவில்லை. கரூர் பசுபதீசுவரர் கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டு இதற்குச் சான்று. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டம் தாங்கிய அரசன், வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்குச் சில உரிமைகளை வழங்கியதை அது பதிவு செய்கிறது. நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்பவை அந்த உரிமைகள். கோயிலையும் மாளிகையையும் எழுப்பியவர்கள் தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசாணை தேவைப்பட்டது. கைத்தொழிலின் மீதான சமூக மதிப்பீடு எவ்வளவு பழையது என்பதற்கு இக்கல்வெட்டை விடத் தெளிவான ஆவணம் அரிது.

சென்னையின் முதல் தொழிற்கூடங்கள்

குடும்பத்துக்கு வெளியே தொழில் கற்பிக்கும் முயற்சிகள் கம்பெனி ஆட்சியில் தொடங்கின. 1794-இல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். முதலில் எட்டு மாணவர்களே இருந்தனர். பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது இப்பள்ளியே.

1850-இல் படை மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் தம் சொந்த முயற்சியில் ஓவியப் பள்ளி ஒன்றை நிறுவினார். அடுத்த ஆண்டு அதனுடன் தொழிற்பள்ளி ஒன்றையும் சேர்த்தார். 1855-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. வரைகலையுடன் களிமண் வேலை, செதுக்கு வேலை முதலியனவும் கற்பிக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் இந்நிறுவனம் கைத்தொழிலிலிருந்து விலகி நுண்கலையின் பக்கம் சென்றது. இன்று எழும்பூரில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி இதன் தொடர்ச்சி.

இதே பள்ளியில் பொறுப்பு வகித்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898-இல் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் பிரிவைத் தொடங்கினார். அம்முயற்சி வெற்றி பெற்றுத் தனி நிறுவனமாக வளர்ந்தது. குரோம் முறையில் தோல் பதனிடுவதையும் சென்னையில் பரவச் செய்தவர் அவர். ஆனால் தனியார் செய்ய வேண்டிய தொழிலை அரசு நடத்தக் கூடாது என்ற கொள்கையின்படி, 1910-இல் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபு இம்முயற்சிகளுக்குத் தடை விதித்தார். சாட்டர்டன் பின்னர் மைசூர் அரசின் பணிக்குச் சென்றார்.

ஹண்டர் பள்ளி தொடங்கிய அதே 1850-இல் இந்தியாவின் முதல் தொழில் பழகுநர் சட்டமும் வந்தது. 10 வயதுக்கு மேற்பட்ட, 18 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களை அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் ஒரு தொழிலில் பழகுநராக ஒப்பந்தம் செய்ய அச்சட்டம் வழி செய்தது. ஆதரவற்ற, ஏழைக் குழந்தைகளையே அது முதன்மையாகக் கருதியது. தொழிற்கல்வி என்பது வேறு வழியற்றவர்களுக்கானது என்ற எண்ணம் சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

ரயில் பணிமனைகள்

பெரும் எண்ணிக்கையிலான தமிழர்கள் புதிய தொழில்களைக் கற்ற முதல் இடங்களுள் ரயில் பணிமனைகள் குறிப்பிடத்தக்கவை. பெரம்பூரிலும், நாகப்பட்டினத்திலும், பின்னர் பொன்மலையிலும் பெரிய பணிமனைகள் இயங்கின. கடைசல் இயந்திரத்தை இயக்குவது, கொதிகலன் கட்டுவது, நீராவி எஞ்சினைப் பழுதுபார்ப்பது போன்ற வேலைகள் எந்தச் சாதியின் குலத்தொழிலும் அல்ல. அவற்றுக்குத் தமிழில் பெயர்கூட இல்லை. டர்னர், ஃபிட்டர், பாய்லர் மேக்கர் என்ற ஆங்கிலச் சொற்களே தமிழாகிவிட்டன. பல சாதியினர் ஒரே கூரையின் கீழ் ஒரே கருவியைப் பிடித்தனர்.

அங்கும் சமத்துவம் முழுமையாக இல்லை. மேற்பார்வைப் பதவிகள் பெரும்பாலும் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சென்றன. வேலைக்கும் உறுதியில்லை. 1928-இல் தென்னிந்திய ரயில்வே ஆட்குறைப்பில் இறங்கியபோது பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. அதில் பங்கேற்ற சிங்காரவேலர் கைதாகிச் சிறை சென்றார். கைத்தொழிலாளி தன் திறமைக்கு உரிய கூலியையும் வேலைப் பாதுகாப்பையும் கேட்டுப் பெற வேண்டியவர் என்ற உணர்வு இத்தகைய போராட்டங்களில் வலுப்பெற்றது.

கோயம்புத்தூரின் வழி

கோயம்புத்தூரில் தொழிற்பயிற்சி வேறு விதமாக வளர்ந்தது. 1888-இல் தொடங்கிய நூற்பாலையைத் தொடர்ந்து அங்கு ஆலைகள் பெருகின. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் அவற்றின் எண்ணிக்கை மேலும் கூடியது. ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கத் தோன்றிய பட்டறைகளே பின்னர் வார்ப்படச் சாலைகளாகவும், பம்புசெட்டு, மோட்டார் தயாரிக்கும் தொழிற்சாலைகளாகவும் மாறின. உழவுத் தொழில் செய்த குடும்பங்களிலிருந்து வந்தவர்களும் இத்துறையில் இறங்கினர். பட்டறையில் உதவியாளாகச் சேர்ந்து, இயந்திரத்தைப் பிரித்து மாட்டிக் கற்று, தனிப் பட்டறை போட்டவர்கள் பலர்.

1926-இல் பி.எஸ்.ஜி. அறநிலையம் தொழிற்பயிற்சியைத் தொடங்கியது. அங்கு பயிற்சிக்கூடம் உற்பத்திக் கூடமாகவும் இயங்கியது. மாணவர்கள் செய்தவை விற்பனைக்குச் சென்றன. பள்ளிக் கல்வியை முடிக்காத ஜி.டி. நாயுடு, 1945-இல் கோயம்புத்தூரில் தொழில்நுட்பக் கல்லூரி அமையக் காரணமாக இருந்தார். பொறியியல் படிப்பை நான்கு ஆண்டுகளுக்கு இழுப்பது வீண், குறைந்த காலத்தில் செய்முறை வழியே கற்பிக்கலாம் என்பது அவரது கருத்து. அரசு அதை ஏற்கவில்லை. அவர் அப்பொறுப்பிலிருந்து விலகினார்.

ஐ.டி.ஐ.யின் தோற்றம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு ஆயிரக்கணக்கில் கைத்திறனாளர் தேவைப்பட்டனர். அதற்காக 1940-இல் இந்திய அரசு தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சில மாதப் பயிற்சியில் புதியவர்களையும் தொழிலாளர்களாக்க முடியும் என்பதை அது காட்டியது. போர் முடிந்தபின் படையிலிருந்து திரும்பியோருக்கு வேலை தேடித்தர 1945-இல் மறுகுடியமர்வு, வேலைவாய்ப்புத் துறை அமைக்கப்பட்டது. பயிற்சி நிலையங்கள் அதன்கீழ் வந்தன.

1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியது. இன்றுள்ள ஐ.டி.ஐ.க்கள் அனைத்துக்கும் இதுவே அடித்தளம். 1956-இல் நிலையங்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களுக்கு மாறியது. பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றை நாடு முழுவதும் ஒரே தரத்தில் வைக்கத் தேசியக் குழு அமைந்தது. அகில இந்தியத் தேர்வில் வென்றவருக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைத்தது. தந்தையின் பெயர் தராத ஓர் அடையாளத்தை இச்சான்றிதழ் தந்தது. திருச்சியில் பயின்ற ஃபிட்டரின் திறமையை பிலாயிலோ பம்பாயிலோ உள்ள தொழிற்சாலை ஏற்றுக்கொள்ள இதுவே போதுமானதாக இருந்தது.

பயிற்சியின் உள்ளடக்கம் பெரிதும் மாறாதது. ஃபிட்டர் பிரிவில் சேரும் மாணவர் முதலில் இயந்திரத்தைத் தொடுவதில்லை. ஓர் இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, அரத்தால் ராவித் தட்டையாக்குவதே முதல் பாடம். மட்டக்கோணத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இடையில் ஒளி கசியக் கூடாது. கசிந்தால் மீண்டும் ராவ வேண்டும். வாரக்கணக்கில் இது நடக்கும். அரத்தை அழுத்தும் அளவு, நிற்கும் நிலை, தோளும் முழங்கையும் அசையும் விதம் ஆகியவை இவ்வாறே பழக்கமாகின்றன. அதன்பின் வெர்னியர் காலிப்பரில் 0.02 மில்லிமீட்டர் வரையும், மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டர் வரையும் அளக்கக் கற்பர். ஆணும் பெண்ணுமாகப் பொருந்தும் இரு துண்டுகளை இடைவெளியின்றிச் செய்து காட்டுவது முக்கியமான பயிற்சி. இவற்றுடன் பொறியியல் வரைபடம், பணிமனைக் கணக்கு, தொழிற்கோட்பாடு ஆகிய பாடங்களும் உண்டு. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகள் இரண்டு ஆண்டுகளும், வெல்டர், பிளம்பர் போன்றவை ஓராண்டும் கொண்டவை.

1953: குலக்கல்வி விவாதம்

ஐ.டி.ஐ. திட்டம் வேரூன்றிய அதே காலத்தில், தொழிலும் பிறப்பும் பற்றிய பெரும் அரசியல் விவாதம் ஒன்று சென்னை மாநிலத்தில் எழுந்தது. 1953-இல் முதலமைச்சர் ராஜாஜி மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கிராமப்புறப் பள்ளிகளில் அறிமுகம் செய்தார். பள்ளி நேரம் மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டு, இரு முறைகளாக வகுப்புகள் நடத்தப்படும். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலில் ஈடுபட்டுக் கற்பர். இருக்கும் ஆசிரியர்களையும் கட்டடங்களையும் கொண்டு அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம், உழைப்பின் மீது மதிப்பு வளரும் என்பன அரசின் வாதங்கள்.

பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் இதனைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்துக் கடுமையாக எதிர்த்தனர். நாவிதர் மகன் நாவிதராகவும், வண்ணார் மகன் வண்ணாராகவும் நீடிக்கவே இத்திட்டம் வழி செய்யும் என்பது அவர்களது வாதம். ஆளும் காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். ஏப்ரலில் முதலமைச்சரான காமராசரின் அரசு மே மாதத்தில் திட்டத்தைக் கைவிட்டது.

இந்த விவாதத்தில் தொழில் கற்பது தவறு என்று எவரும் சொல்லவில்லை. எந்தத் தொழிலை யார் கற்பது என்பதை யார் முடிவு செய்வது என்பதே கேள்வி. குழந்தையின் தொழிலைத் தந்தையின் தொழில் தீர்மானிக்கும் என்றது ஒரு திட்டம். விண்ணப்பமும் தகுதியும் இடஒதுக்கீடும் தீர்மானிக்கும் என்றது ஐ.டி.ஐ. முறை. தமிழ்நாடு இரண்டாவதைத் தேர்ந்தது. மரபுக் கலைகளிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. 1957-இல் வைத்தியநாத ஸ்தபதியின் தலைமையில் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சி நிறுவனம், குடும்பங்களுக்குள் இருந்த சிற்பக்கலையை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது.

தொழிற்சாலைகளின் காலம்

1955-இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. நெய்வேலி, ஆவடி, எண்ணூர், திருச்சி என்று அடுத்தடுத்துப் பெருந்தொழில்கள் எழுந்தன. 1961-ஆம் ஆண்டின் பழகுநர் சட்டம், குறிப்பிட்ட தொழில்களில் இயங்கும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்துப் பயிற்சியளிப்பதைக் கட்டாயமாக்கியது. ஐ.டி.ஐ. முடித்து, பழகுநராகப் பயின்று, பொதுத்துறை நிறுவனத்தில் நிரந்தர வேலையில் சேர்வது நடுத்தர வாழ்க்கைக்கான நம்பகமான பாதையாயிற்று. குவார்ட்டர்ஸ் வீடு, மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் பள்ளி, ஓய்வுக்காலப் பணம் ஆகியவற்றை அந்த வேலை தந்தது.

திருச்சி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை 1960-களில் அங்கு தொடங்கியது. உயர் அழுத்தக் கொதிகலனின் குழாய்களைப் பற்றவைப்பதில் சிறு குறையும் விபத்தில் முடியும். எனவே ஒவ்வொரு இணைப்பும் எக்ஸ்ரே கதிர்களால் சோதிக்கப்படும் அளவுக்கு வெல்டிங் நுட்பமான தொழிலாக அங்கு வளர்ந்தது. 1975-இல் வெல்டிங் ஆய்வு நிறுவனம் அங்கேயே அமைந்தது. ஆலையைச் சுற்றித் துவாக்குடிப் பகுதியில் துணைத் தொழிற்சாலைகள் பெருகின. வளைகுடா நாடுகளில் எண்ணெய்த் தொழில் விரிந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து வெல்டர்களும் ஃபிட்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் அங்கு சென்றனர். அவர்கள் அனுப்பிய பணம் பல ஊர்களில் வீடுகளாகவும் பிள்ளைகளின் படிப்பாகவும் மாறியது.

பொறியியல் அலையும் மதிப்பின் சரிவும்

1984-85 கல்வியாண்டிலிருந்து தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் அனுமதிக்கப்பட்டன. பின்னாளில் அவற்றின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஏராளமாக உருவாயினர். இதன் மறுபக்கமாக, ஐ.டி.ஐ. என்பது மதிப்பெண் குறைந்தவர் செல்லும் இடம் என்ற எண்ணம் பரவியது. ஃபிட்டராக இருந்தவரே தம் மகனை ஐ.டி.ஐ.யில் சேர்க்கத் தயங்கினார். கையில் எண்ணெய்க் கறை படாத வேலை தம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று அவர் விரும்பியதற்குத் தலைமுறைகளின் அனுபவம் காரணமாக இருந்தது.

பொருளாதாரக் காரணமும் உண்டு. 1990-களுக்குப் பின் நிரந்தர வேலைகள் குறைந்து, ஒப்பந்த முறை பெருகியது. பழகுநர் சட்டப்படி பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர். பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய பொதுவான கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. எனவே குறைந்த உதவித்தொகையில் உற்பத்தி வேலை வாங்கப்படுவதாகத் தொழிற்சங்கங்கள் குற்றம்சாட்டி வருகின்றன. மறுபுறம், பொறியியல் பட்டதாரிகள் பலர் தம் படிப்புக்குப் பொருந்தாத வேலைகளில் சேர நேர்ந்தபோது, நல்ல வெல்டரும் பிளம்பரும் ஏ.சி. மெக்கானிக்கும் கிடைப்பது அரிதாயிற்று.

அண்மைக்கால மாற்றங்கள்

2022-இல் தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தரம் உயர்த்தும் திட்டத்தை மேற்கொண்டது. இதற்கான மதிப்பீடு ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய். ரோபாட்டிக்ஸ், கணினி வழி இயங்கும் இயந்திரங்கள், மின்வாகனம் ஆகிய பயிற்சிகள் சேர்க்கப்பட்டன. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் ஐ.டி.ஐ.யில் சேர்வோருக்கும் பொருந்தும். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும், மொழித்தேர்வு எழுதிப் பள்ளிச் சான்றிதழுக்கு இணையான தகுதி பெறவும் வழி உள்ளது. தொழிற்கல்வி மேற்படிப்பின் கதவை மூடிவிடும் என்ற பழைய அச்சத்துக்கு இன்று முன்பிருந்த அளவு அடிப்படை இல்லை.

குலமும் தொழிலும் பற்றிய கேள்வி 2023-இல் மீண்டும் எழுந்தது. கைவினைஞர்களுக்காக ஒன்றிய அரசு 18 தொழில்களை உள்ளடக்கிய விஸ்வகர்மா திட்டத்தை அறிவித்தது. குடும்ப வழியாக ஒரு தொழிலைச் செய்துவருபவர் என்ற நிபந்தனை அதில் இருந்ததைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. அந்நிபந்தனையை நீக்கக் கோரியது. அது ஏற்கப்படாத நிலையில், 25 தொழில்களுக்கான கலைஞர் கைவினைத் திட்டத்தை 2024 இறுதியில் அறிவித்தது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இதில் இல்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன் எழுந்த வாதம் ஏறத்தாழ அதே சொற்களில் திரும்பியது.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

தொழிற்பயிற்சியில் சேர எண்ணும் மாணவருக்கு இவ்வரலாறு சில பயனுள்ள கேள்விகளைத் தருகிறது. சேரும் நிலையமும் பிரிவும் தேசியத் தொழிற்சான்றிதழ் தரும் ஏற்பு பெற்றவையா? பயிற்சிக்கூடத்தில் இயந்திரங்கள் இயங்கும் நிலையில் உள்ளனவா, மாணவர் தாமே அவற்றில் வேலை செய்ய முடிகிறதா? பழகுநர் காலத்தில் தொழிலின் எல்லாப் பகுதிகளும் கற்பிக்கப்படுமா, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்களா? முன்பு பயின்றவர்கள் இப்போது எங்கே, எந்த ஊதியத்தில் இருக்கிறார்கள்? இவற்றுக்கான விடைகளை நிலையத்துக்கு நேரில் சென்றும் பழைய மாணவர்களிடம் பேசியும் அறியலாம்.

தொழில் கற்கும் உரிமை இன்று ஏறக்குறைய அனைவருக்கும் திறந்திருக்கிறது. அத்தொழிலுக்கு நியாயமான ஊதியமும் வேலை உறுதியும் சமூக மதிப்பும் கிடைப்பது அதே அளவுக்கு நிறைவேறவில்லை. கரூர்க் கல்வெட்டின் காலத்துக் கம்மாளர், சாந்து பூசும் உரிமைக்கு அரசாணையை எதிர்பார்த்தனர். இன்றைய வெல்டரும் எலக்ட்ரீஷியனும் எதிர்பார்ப்பது தம் சான்றிதழுக்கு உரிய நிரந்தரப் பணியை.